சேற்றில் பதினான்கு தலைகள்

தோன் அர்ஹெமிரோ எங்கள் மேஜைமேல் ஒரு ஜோடிப் பெண் செருப்பை வைத்துவிட்டு அழத் தொடங்கியபோது மதியம் மணி ஒன்று. நான் அப்போதுதான் முட்டை வைத்துப் பொரித்த சோளரொட்டியான அரேப்பாவில் முதல் கடி கடித்திருந்தேன். அழுகிறவர் எதிரில் மெல்லுவது மரியாதையில்லை. விழுங்கலாம் என்றால் தொண்டை வெந்துவிடும். கன்னத்தில் அடக்கிக்கொண்டு அனுதாபமாகத் தலையாட்டினேன்.

என் முதலாளி எவரிஸ்தோ பாவ்த் அழுகையைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கடற்கரை ஊர் கார்த்தஹேனாவில் துப்பறிவாளர் என்று போர்டு மாட்டியவர்கள் நான்கு பேர். அதில் வழக்கை முடிக்கிறவர் இவர் ஒருவர்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பது நான். என் பெயர் நொயெமி. கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அவர் சொல்ல மறந்த நன்றியைச் சொல்வது எல்லாம் என் வேலை. மூளை அவருடையது, வாய் என்னுடையது.

விஷயம் இதுதான். அர்ஹெமிரோவுக்கு மோன்தெரீயா பக்கம் மாட்டுப் பண்ணைகள், அதனால்தான் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு தோன். பண்ணையாளர் மாநாட்டுக்கு வந்தவர், மனைவி லிஹியா ஹோட்டல் அறையில் சும்மா அடைந்து கிடக்க வேண்டாமே என்று மூன்று நாள் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். இன்று மூன்றாம் நாள். காலையில் தொத்தூமோ சேற்று எரிமலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எரிமலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கறையான் புற்றுபோல ஒரு மேடு, உச்சியில் வெதுவெதுப்பான சேற்றுக் குழி. படியேறி, சேற்றில் மிதந்து, இறங்கி, ஏரிக்கரையில் நிற்கும் பெண்களிடம் உடம்பைக் கழுவிக்கொண்டு வர வேண்டியதுதான்.

சேற்றோடு படியிறங்கியவர்களை வழிகாட்டி எண்ணியிருக்கிறான். பதினான்கு. பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மேஜையில் எண்ணினால் பதின்மூன்று. லிஹியாவின் பையும் ஃபோனும் பஸ்ஸில் கிடந்தன. படியடியில் அவள் செருப்பு மட்டும். ஏரியில் மூழ்கியிருப்பாள், முக்குளிக்கும் ஆட்கள் நாளைக் காலை வருவார்கள் என்று போலீஸ் கைகழுவிவிட்டது.

“அவளுக்கு என்னை விட்டா யாருமில்லைங்க. உயிரோட கொண்டாந்து குடுங்க, அது போதும்,” என்றார் அர்ஹெமிரோ.

எனக்கே கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு புருஷன் நமக்கு வாய்க்கவில்லையே என்றுகூட நினைத்தேன். அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

மனைவியின் மூன்று நாள் நிகழ்ச்சி நிரலையும் அவர் விட்டுப் போனார். எத்தனை மணிக்கு எங்கே, எந்தப் படகு, எந்த ஓட்டுநர் என்று நிமிடக் கணக்காக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. அன்பான மனிதர் என்று அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டேன்.

அவர் படியிறங்கியதும் எவரிஸ்தோ செருப்பைத் திருப்பிப் போட்டார்.

“நொயெமி, உன் செருப்பக் கழட்டு.”

“அடிக்கிறதுன்னா கையாலயே அடிங்க முதலாளி. இது பிஞ்சிரும்.”

கழற்றிக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையது போன மாதம் வாங்கியது, நம் ஊர்க் கல் தெருக்களில் நடந்து குதிகால் பாதி தேய்ந்துவிட்டது. லிஹியாவுடையதில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு அடிப்பாகத்தில் அப்படியே இருந்தது, ஓர் ஓரம்கூடக் கிளம்பவில்லை.

“ரெண்டு நாளா கோட்டைச் சுவரு, கடைத்தெருன்னு சுத்தியிருக்கா. மூணாம் நாளு எரிமலை. இந்தச் செருப்பப் போட்டு யாரும் பத்து அடிகூட நடக்கல,” என்றார். “இது கழட்டி விட்டதில்ல. கொண்டாந்து வச்சது.”

“அப்ப லிஹியா?”

“தன்னோட பழைய செருப்பப் போட்டுக்கிட்டு நடந்து போயிருக்கா. சாகப் போறவ யாராவது மாத்துச் செருப்பு கொண்டு போவாளா?”

அப்படியென்றால் உயிரோடு இருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே ஃபோனை எடுத்து அர்ஹெமிரோவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். எங்கள் அலுவலகத்தில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். வாடிக்கையாளர் கவலையோடு இருட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஒவ்வொரு துப்பும் கிடைத்த சூட்டோடு அவருக்குப் போய்விட வேண்டும். எவரிஸ்தோவுக்கு ஃபோன் என்றாலே ஆகாது. நான் என்ன அனுப்புகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“தோன், உங்க சம்சாரம் உயிரோட இருக்காங்க. தன் காலாலயே நடந்து போயிருக்காங்க. நாங்க எரிமலைக்குக் கிளம்பறோம்.”

இரண்டு நீலக் கோடு விழுந்தது, கேட்டுவிட்டார். பதிலுக்கு ஒரு கும்பிடும் கை வந்தது.

கீழே என் கார் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், பூப்போட்ட சட்டை, கையில் கனமான நோட்டு. தெயானிரா. ஊர் மரியாதையாகச் சேன்யோ என்று கூப்பிடும். ஹெத்செமானிப் பேட்டை முனையில் ஒரு குடை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டு இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவள். தீவா, கோட்டையா, சதுப்புக் காடா, எந்த நாளில் எதை வைத்தால் காற்றும் வெயிலும் ஒத்துழைக்கும் என்று விரல்நுனியில் வைத்திருப்பாள். லிஹியாவின் மூன்று நாளும் இவள் போட்ட திட்டம்தான்.

“நானும் வரேன். என் ஆளு தொலைஞ்சா நான்தான தேடணும்,” என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

தேடப் போகிறவளுக்கு அவசரமே இல்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் மூக்குக்கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டேன் என்று வண்டியைத் திருப்பச் சொன்னாள். கண்ணாடி கடைசியில் நோட்டுக்குள்ளேயே இருந்தது. சுங்கச்சாவடி வந்ததும் பசி மயக்கம் என்றாள். மரவள்ளிக்கிழங்கில் இறைச்சி வைத்துப் பொரித்த கரிமன்யோலா மூன்று வாங்கினாள், பிறகு மூன்று, பிறகு அதற்குத் தொட்டுக்கொள்ளத் தயிர். தின்றது என்னவோ ஒன்றுதான்.

“சேன்யோ, ஆளத் தேடப் போறோமா, ஆளுக்கு விருந்து வைக்கப் போறோமா?” என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கடல் அன்றைக்குப் பார்க்கிற மாதிரி இல்லை. காற்றே கிடையாது, ஆனால் அலை ஒவ்வொன்றும் சாலையோரப் பாறைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது. கள்ளக்கடல். எங்கோ நடுக்கடலில் அடித்த புயலுக்கு இங்கே வந்து வம்பு செய்யும்.

எவரிஸ்தோ அந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“சேன்யோ, இன்னிக்கு ரொசாரியோ தீவுன்னு போட்டிருக்கே. எரிமலை இந்த அட்டையில எங்கயுமே இல்ல.”

“கடல மூடிட்டாங்கல்ல? காலைல சிவப்புக் கொடி ஏத்திட்டாங்க. படகுத்துறைலயே எல்லாரையும் பஸ்ஸுக்கு மாத்தி விட்டேன்.”

“கள்ளக்கடல் வருதுன்னு எச்சரிக்கை எப்ப குடுத்தாங்க?”

கையிலிருந்த கரிமன்யோலாவை அவள் தாளில் மடித்து வைத்தாள். “வெள்ளிக்கிழம.”

“இந்த அட்டைய எப்ப எழுதுனீங்க?”

“சனிக்கிழம சாயங்காலம். பிசகிடுச்சு.”

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால், பிளாஸ்க் தூக்கிக் காப்பி விற்கிறவன்கூடத் திங்கட்கிழமை படகுத்துறைப் பக்கம் போகமாட்டான். இருபத்திரண்டு வருடத் திட்டக்காரி அன்றைக்கென்று தீவை வைத்தாள் என்றால், கல்யாணச் சமையலுக்கு வந்தவர் அடுப்பை மறந்தேன் என்று சொல்வது மாதிரி. எவரிஸ்தோ அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாவம், உரிமம் போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எரிமலை அடியில் நாங்கள் இறங்கியபோது மணி இரண்டரை. ஒரு மனுஷி செத்தாளோ பிழைத்தாளோ என்ற சேதி இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. மத்தியானக் கூட்டம் பன்னிரண்டு பேர் புதிதாக வந்து துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில், கையில் சுரைக்குடுக்கையோடு ஒரு பருத்த பெண் உட்கார்ந்திருந்தாள். கழுவிவிடும் பெண்களில் மூத்தவள், பெயர் எனெய்தா. தெயானிராவைப் பார்த்ததும் எழுந்தாள், எங்களைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

எவரிஸ்தோ அவள் பக்கத்தில் குந்தினார். காலையில் வந்த பதினான்கு பேரையும் கழுவினீர்களா என்று கேட்டார். கழுவினோம் என்றாள். மேலே சேற்றுக்குழிப் பக்கம் ஏறினீர்களா என்று கேட்டார். தன் பிழைப்பு தண்ணீரில்தான், சேற்றில் இறங்கி இருபது வருடம் இருக்கும் என்றாள். முதலாளி கொஞ்ச நேரம் அவள் தலையின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊருல வர்றவங்க காதையெல்லாம் தோண்டித் தோண்டிக் கழுவறீங்க. உங்க காதைக் கழுவத்தான் ஆளில்ல போல.”

எனெய்தாவின் கை தானாகக் காதுக்குப் போனது. காதுமடலுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சேறு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

எனக்குப் பொறி தட்டியது. சேற்றோடு இறங்குகிறவர்களுக்கு முகமே கிடையாது. கழுவிய பிறகு ஆள் ஆளுக்குக் கழிப்பறை, கடை என்று சிதறிவிடுவார்கள் என்பதால், எங்கள் வழிகாட்டிகள் எல்லோரும் படியடியில் சேற்றுத் தலையாகத்தான் எண்ணுவது வழக்கம். பதினான்காவது தலை லிஹியாவுடையது இல்லை, இவளுடையது. லிஹியா அதற்கு முன்பே போய்விட்டாள்.

“எதுல போனா?” என்று கேட்டார் எவரிஸ்தோ. எனெய்தா வாயைப் பூட்டிக்கொண்டாள். தெயானிரா கல்மேல் உட்கார்ந்து நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். பூட்டிய வாயை எவரிஸ்தோ மெதுவாகத்தான் திறப்பார், அதற்கு நான் எதிரில் இருக்கக் கூடாது. வண்டி நிறுத்துமிடத்தில் விசாரி என்று எனக்குக் கண் காட்டினார்.

அங்கே புளியமரத்தடியில் ஒருத்தி தேங்காய் மிட்டாய் விற்றுக்கொண்டிருந்தாள். வெளியூர் பஸ் வந்து நிற்கும்போதும் கிளம்பும்போதும் படியில் ஏறி ஆளுக்கு ஒரு துண்டு ருசி பார்க்கக் கொடுப்பாளாம், பிடித்தவர்கள் வாங்குவார்களாம். காலையில் என்னென்ன வண்டி நின்றது என்று கேட்டேன். நம் ஊர் வண்டி ஒன்று, பாரன்கீயாவிலிருந்து வந்த சுற்றுலா வண்டி ஒன்று என்றாள்.

“அந்தப் பாரன்கீயா வண்டிதான் கணக்கு இடிக்குது தாயி. வந்தப்ப பத்தொம்போது துண்டு. பத்தரைக்குக் கிளம்பறப்ப இருபது துண்டு. ஒருத்தர் ரெண்டு தின்னுட்டாங்களோ என்னவோ.”

நான் அவளைக் கட்டிப் பிடிக்காத குறைதான். ஒரு கூட்டத்தோடு வந்து, சேற்றில் இறங்கி, இன்னொரு கூட்டத்தோடு ஏறிப் போயிருக்கிறாள். முகமில்லாத இடத்தில் யாருக்கு யாரைத் தெரியும்? இந்தத் துப்பை முதலாளி கண்டுபிடிக்கவில்லை, நான் கண்டுபிடித்தேன். பெருமை தலைக்கேறிவிட்டது. அவரிடம் சொல்வதற்கு முன்பே நின்ற இடத்திலிருந்து செய்தி அனுப்பினேன்.

“தோன், பாரன்கீயா வண்டி, பத்தரை மணி. இருபதாவது ஆளா ஏறியிருக்காங்க. போலீஸு ஏரியில மீன் பிடிக்கட்டும், நீங்க நேரா அங்க பாருங்க.”

இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது. ‘நல்லது. நான் வழியில்தான் இருக்கிறேன்’ என்று பதில் வந்தது. மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை, பின்னாலேயே கிளம்பி வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது எனெய்தா பேசிக்கொண்டிருந்தாள். எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் தொப்பி கழற்றி நான் பார்த்ததில்லை, அடியில் வழுக்கை.

“நாங்க மொகத்தப் பாக்கறதில்லைங்க. முதுகுதான் எங்களுக்கு ஆளு. எத்தன முதுகு கழுவியிருப்பேன். சேறு போகப் போக அந்தப் பொண்ணு முதுகுல ஒண்ணு தெரிஞ்சுது. மாட்டுக்குச் சூடு போடுவாங்கல்ல, எந்தப் பண்ணை மாடுன்னு தெரிய. அந்த எழுத்துங்க. பழுத்து ஆறின தழும்பு.” எனெய்தா குடுக்கையைத் தரையில் வைத்தாள். “சேன்யோ தெயாவுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். அதப் பாத்தப்புறம் யாருக்காகவும் இல்ல. நானே போயி சேத்துல விழுந்தேன்.”

மிச்சத்தைத் தெயானிரா சொன்னாள். முதல் நாள் கோட்டைச் சுவரில் நடந்தபோது லிஹியா அவளிடம் வாய் திறந்திருக்கிறாள். அந்த அட்டையில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் அர்ஹெமிரோவின் ஆள் ஒருவன் முன்கூட்டியே போய் நிற்பான். கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றினால் அன்றைக்கே சுற்றுலா முடிந்துவிடும். யார்மேலும் சந்தேகம் வராமல் திட்டத்தை மாற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான், கடல். அதனால் அன்று மாலையே அட்டையைத் திருத்தி எழுதுகிற சாக்கில், மூடப்போகிற நாளில் வேண்டுமென்றே தீவை வைத்தாள். அர்ஹெமிரோவின் ஆள் படகுத்துறையில் கொடியைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. பாரன்கீயா கூட்டத்தில் வேறு பெயரில் ஓர் இடம் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அங்கிருந்து மாலை ஐந்து மணிக்கு எல்லைக்குப் பஸ்.

“அஞ்சு மணி தாண்டிட்டா போதும். அதுக்குத்தான் வழியெல்லாம் உங்களத் தின்ன வச்சேன்,” என்றாள்.

எவரிஸ்தோ எழுந்து காலைத் தட்டிக்கொண்டார். “நொயெமி, அந்த ஆளுக்கு ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்லிடு. நாம தேடறத நிறுத்தியாச்சு.”

மூளை அவருடையது, வாய் என்னுடையது என்றேனே. அந்த வாய் அப்போது திறக்கவில்லை. ஃபோனை அவரிடம் நீட்டினேன். இரண்டு செய்தியையும் கேட்டார். இரண்டாவதை மறுபடி கேட்டார், அதில் நான் சிரிப்பது வரைக்கும். திட்டியிருந்தால் தேவலை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவளுக்குச் சொல்லிவிடலாமே என்று பதறினேன். ஃபோன் கிடையாது, அதைப் பஸ்ஸில் விட்டுப் போகச் சொன்னதே தெயானிராதான். நிலையத்தில் கூப்பிட்டு அறிவிக்கச் சொல்லலாமென்றால், அங்கிருந்து என்ன பெயரில் போகிறாள் என்பது தெயானிராவுக்கே தெரியாது. பெயரைத் தன்னிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று லிஹியாவிடம் அவளே சொல்லியிருந்தாள். போலீசுக்குப் போனால் காணோம் என்று புகார் கொடுத்த புருஷன் கையில் பத்திரமாகப் பிடித்துக் கொடுப்பார்கள். யாராலும் அவளைப் பிடிக்க முடியாதபடி போட்ட திட்டம். எங்களாலும் பிடிக்க முடியவில்லை.

எவரிஸ்தோ ஏரிக்கரையில் மூன்று முறை நடந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“வழியில இருக்கேன்னுதான சொன்னான்? அப்ப இன்னும் பாரன்கீயா போய்ச் சேரல. இங்க இழுத்துடுவோம். முன்ன சொன்னது தப்பு, பஸ்ல போனது வேற பொண்ணு, உங்க சம்சாரம் இங்கயேதான் ஒளிஞ்சிருக்காங்கன்னு சொல்லு. இங்க வந்து ஊரு பூரா தேடி முடிக்கிறதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும். எப்பவும் பேசற மாதிரியே பேசு.”

எப்போதும் போலப் பேசினேன். நடுவில் ஒரு வேடிக்கைகூடச் சொன்னேன், என்ன என்று நினைவில்லை. நீலக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது: ‘எல்லோரும் அங்கேயே இருங்கள். வருகிறேன்.’

தெயானிரா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். எனெய்தா சிலுவைக் குறி போட்டாள். மடித்து வைத்த கரிமன்யோலாக்களைப் பிரித்து நால்வரும் தின்றோம், ஆறிப்போயிருந்தும் அமிர்தமாக இருந்தது. முதலாளியின் மூளையைப் பற்றி ஊரில் நான் சொல்லிவந்தது எதுவும் பொய்யில்லை என்று நினைத்தேன்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் டாக்ஸி வந்து நின்றது.

பின்னாலிருந்து இறங்கியவள் தலையில் பாரன்கீயா சுற்றுலாக்காரர்களின் மஞ்சள் தொப்பி. காலில் குதிகால் தேய்ந்த பழைய செருப்பு. நான் முதலில் பார்த்தது செருப்பைத்தான். ஒருத்தியை நாள் முழுக்கத் தேடிவிட்டு, அவள் எதிரில் வந்து நிற்கும்போது வரவே கூடாது என்று நான் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

“பாரன்கீயா பஸ் நிலையத்துல எனக்கு முன்னாடியே அவரோட ஆளு நின்னுக்கிட்டிருந்தான் சேன்யோ, எல்லா ஊரு நிலையத்துக்கும் அனுப்பிட்டாரு போல,” என்றாள் லிஹியா. மூச்சு வாங்கினாலும் முகத்தில் ஒரு நிம்மதி, வீடு வந்து சேர்ந்த மாதிரி. “ரெண்டு மணி நேரம் கழிப்பறையில ஒளிஞ்சிருந்தேன். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதான் வந்துட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?” தெயானிராவின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

“வழி தவறினா பயப்படாதீங்க, கடைசியா எங்களோட எங்க இருந்தீங்களோ அங்கயே வந்து நில்லுங்க, நாங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவோம்னு.”

இருபத்திரண்டு வருடமாக, பஸ் ஏறும் ஒவ்வொரு பயணியிடமும் தெயானிரா சொல்லும் வாக்கியம் அது. வாய் பழகிய பழக்கத்தில் இவளிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எங்கள் ஊரில் சுற்றுலா நடத்துகிற எவரும் சொல்வதுதான். தொலைய வேண்டும் என்று அனுப்புகிறவளிடமும் தொலைந்தால் திரும்பி வா என்று சொல்லியிருக்கிறாள்.

எவரிஸ்தோ சாலையைப் பார்த்தார். எரிமலைக்கு ஒரே ஒரு மண் சாலைதான், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் முள்வேலி. அதன் கோடியில் புழுதி கிளம்பியிருந்தது. சாம்பல் நிறப் பெரிய வண்டி. அவன் நாங்கள் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்திருக்கிறான்.

“மேல போங்க,” என்றாள் எனெய்தா.

யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமில்லை. என் ஃபோனை முதலாளி கையில் திணித்தேன். லிஹியாவையும் என்னையும் செருப்போடு மரப்படிகளில் தள்ளினாள் எனெய்தா. உச்சியில் செருப்புகளைக் கழற்றி முதலில் சேற்றில் போட்டேன், அது விழுங்கிக்கொண்டது. மத்தியானக் கூட்டம் குழிக்குள் சிரித்து மிதந்துகொண்டிருந்தது. போட்ட துணியோடு இறங்கினோம். அந்தச் சேற்றில் மூழ்கவும் முடியாது, நிற்கவும் முடியாது, எவனாவது தோளைப் பிடித்துத் தள்ளினால்தான் நகர முடியும். அவள் முகத்தில் இரண்டு கைநிறைய அப்பினேன். என் முகத்திலும் அப்பிக்கொண்டேன்.

பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. கண்ணைப் பாதி திறந்து பார்த்தேன். அர்ஹெமிரோ குழியின் விளிம்பில் நின்றிருந்தார். பின்னால் எவரிஸ்தோ. மதியம் அழுத முகமா இது என்று இருந்தது, அழுத சுவடே இல்லை.

“லிஹியா,” என்று கூப்பிட்டார். அதட்டவில்லை. தொழுவத்தில் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாக, அது வந்துவிடும் என்று தெரிந்த குரல். யாரும் திரும்பவில்லை. அவள் திரும்பாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டாள் என்பது சேற்றுக்குள் எனக்குத் தெரிந்தது, அவ்வளவு நடுக்கம்.

“உங்க கூட்டத்துல எத்தன பேரு?” என்று வழிகாட்டியிடம் கேட்டார்.

“பன்னெண்டுங்க.”

“எண்ணிக் காட்டுங்க.”

அந்த இளைஞனுக்கு ஒன்றும் தெரியாது. விரலை நீட்டி எண்ணினான். பன்னிரண்டைத் தாண்டும்போது அவன் உதடு நின்றது. என் தலைமேல் பதின்மூன்று, அவள் தலைமேல் பதினான்கு. அவன் பார்வை படியடிக்குப் போனது. அங்கே எனெய்தா குடுக்கையோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பன்னெண்டு, தோன். சரியா இருக்கு.”

அர்ஹெமிரோ தலையாட்டினார். எவரிஸ்தோ முன்னால் வந்து, சதுப்புக்காட்டுப் பக்கம் ஒரு பெண் போனதாகச் சொல்கிறார்கள், நொயெமியும் அங்கேதான் தேடப் போயிருக்கிறாள் என்று அளக்க ஆரம்பித்தார். அவர் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

“இங்கயேதான் இருக்கான்னு உங்க பொண்ணுதான சொல்லிச்சு,” என்றார் அர்ஹெமிரோ. “நானும் கேட்டேனே. நல்ல வெவரமான பொண்ணு.”

முதலாளி என் ஃபோனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

அர்ஹெமிரோ இறங்குகிற படியின் மேல்படியைக் கைக்குட்டையால் துடைத்தார். அதில் உட்கார்ந்தார். கீழே போக வேண்டுமென்றால் அவர் முழங்காலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும், வேறு வழி கிடையாது.

“அவசரமில்ல. எல்லாரும் நல்லா குளிங்க,” என்றார் எங்களைப் பார்த்து. “எப்படியும் கழுவித்தான ஆகணும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் அப்பிய சேறு காய்ந்து இழுக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெடித்து உதிரும்.

சேற்றுக்குள் ஒரு கை என் கையைத் தேடிப் பிடித்தது. பிடித்ததை விடவில்லை. அவள் பிடித்திருந்தது என் வலது கை. மூன்று செய்தியையும் அனுப்பிய கை அது என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் துணிச்சலும் இல்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.